புல்லில் நட்ட முகம்

1

போன ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க நான் புளி கரைத்துக்கொண்டு நின்றேன். நேசம் அன்ரி தொலைபேசி எடுத்தார். எடுத்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அழத் தொடங்கினார்.

நேசம் அன்ரிக்கு எண்பது தாண்டிவிட்டது. மில்லிக்கனில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல். ஆனால் செத்தவீடு, கலியாணவீடு ஒன்றையும் தவறவிடமாட்டார். அவருடைய மகனுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

"என்ன அன்ரி, தம்பிக்கு ஏதுமோ?"

"தம்பிக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. உன்ர பெட்டைக்கு என்ன நடந்தது? ஒரு வருத்தம் துன்பம் இல்லாமல் திரிஞ்ச பிள்ளை. ஏன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"ஆருக்கு அன்ரி? ஆரணிக்கோ?"

"ஓம், ஆரணிக்குத்தான். இப்ப டொக்டரிட்டப் போயிட்டு வரேக்க கண்டனான். ஸ்டீல்ஸ் றோட்டுக் கரையில படம் போட்டு வைச்சிருக்கு. என்ன வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். எப்ப பிள்ளை எடுக்கிறியள்?"

சுடலைக்கு எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். என் கை புளித் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அன்ரி, அவள் எலெக்சன் கேட்கிறாள். நகரசபைக்கு. அது எலெக்சன் படம்."

மறுபக்கத்தில் மூக்குச் சிந்தும் சத்தம். "அப்ப உயிரோட இருக்கிறாளோ?"

"ஓம் அன்ரி. மத்தியானம் சாப்பிட வரேல்லை எண்டு இப்பதான் மெசேஜ் போட்டவள்."

"நாசமாப் போன வேலை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது நிம்மதியில் வந்த கோபம். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னேரத்துக்குள் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் எடுத்துச் சொல்லி முடித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்.

நேசம் அன்ரியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் நாள் நானும் அந்த வழியால் காரில் வந்தபோது சிவப்பு விளக்கில் நின்று பார்த்தேன். றோட்டுக் கரைப் புல்லில் என் பிள்ளையின் முகம். பார்த்த உடனே என் கண் தன்பாட்டில் படத்துக்குக் கீழே இறங்கி, தோற்றம் எப்போது, மறைவு எப்போது என்று தேடியது. அங்கே இருந்தது அவளுடைய இணையத்தள முகவரி. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் விளக்குப் பச்சையாகிவிட்டது என்று கண்டேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இங்கத்தைத் தேர்தலைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கே சுவரில் ஒட்டுவதில்லை. ஒட்டுவதற்கு முதலில் மதில் வேண்டுமே. வீடுகள் எல்லாம் மதிலும் படலையும் இல்லாமல் தெருவைப் பார்த்துத் திறந்தபடி கிடக்கின்றன. அதனால் வீட்டு முன்புல்லில் கம்பியைக் குத்தி, பிளாஸ்டிக் பலகை ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் நடவேண்டும். எத்தனை நாளைக்கு நிற்கலாம், நடைபாதையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம். ஒருவருடைய பலகையை இன்னொருவர் தொட்டால் அதற்கும் சட்டம். அந்தக் கடைசிச் சட்டத்தைத்தான் நான் மீறினேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

முக்கால்வாசிப் பேர் பெயரை மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். என் மகள் முகத்தையும் போட்டாள். அவளுடைய அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ரயில் மாதிரி நீளம். "பேரை வாசிக்க ஏலாத ஆக்கள் முகத்தையாவது ஞாபகம் வைச்சிருக்கட்டும் அம்மா, இட்ஸ் பிராண்டிங்," என்றாள். முப்பத்துமூன்று வயது. மார்க்கம் நகரத்தில் ஒரு கொம்பனியில் நல்ல வேலை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிற மாதிரி, பஸ் நேரத்துக்கு வருவதில்லை, கிழடுகட்டைகள் குளிருக்குள் நிற்கிறார்கள் என்று கிளம்பிவிட்டாள்.

ஆனால் எலெக்சன் என்றவுடன் எனக்கு மணக்கிறது பசை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு சந்தி மூலை வீடு. இரண்டு பக்கமும் நீண்ட மதில். தேர்தல் அறிவித்தால் எல்லாக் கட்சிக்காரரும் முதலில் வந்து நிற்பது எங்கள் படலையில்தான். அப்பா கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். "அரசாங்க உத்தியோகத்தன் ஒரு பக்கம் சாயக்கூடாது" என்று சொல்லி, கரிக்கட்டியால் மதிலைக் கோடு போட்டுப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். ஒருவன் கோட்டைத் தாண்டி ஒட்டினால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தானே உரித்துவிடுவார். அந்தக் காலத்தில் அதற்கு ஒருவரும் கோபிக்கவில்லை. "ஐயா சொன்னாச் சரி" என்று தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள்.

எனக்கு இருபது வயதாக இருக்கும்போது பலகாலம் நடக்காமல் கிடந்த நகரசபைத் தேர்தல் வந்தது. அம்மாவின் தம்பி சோதி மாமா சுயேச்சைக் குழு ஒன்றில் எலெக்சன் கேட்டார். ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறவர். கலியாணம் கட்டவில்லை. சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவர் சிரித்தால் சந்திக் கடையில் ரீ குடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். குழுவுக்குக் கிடைத்த சின்னம் தேத்தண்ணீர்க் கேத்தில். வேறு யாராவது என்றால் இடிந்துபோயிருப்பான். மாமா துள்ளிக் குதித்தார். "யாழ்ப்பாணம் கொதிக்குது, கேத்திலுக்குப் போடுங்கோ" என்று தானே எழுதினார். கூட்டம் வைக்கிற இடமெல்லாம் பெரிய கேத்திலில் பிளேன்ரீ. குடிக்க வந்த கூட்டத்தைப் பார்த்து, வெற்றி தன் பக்கம் என்று உண்மையாகவே நம்பிவிட்டார்.

படம் பிடிக்க ஸ்டூடியோவுக்குப் போனபோது அப்பாவின் ஒரேயொரு ரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். "மாஸ்டர், வாயை மூடுங்கோ, பல்லுத் தெரியுது" என்றார் படம் பிடிக்கிறவர். "வாயை மூடினா என்னை ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் மாமா. பல்லுத் தெரியத்தான் படம் வந்தது. அந்தப் படத்தை அச்சடிக்க உலோகத்தில் புளொக் என்கிற அச்சுத்தகடு செய்விக்கவேண்டும். கொழும்பிலிருந்து வரும்வரை மாமாவுக்கு நித்திரை இல்லை.

பசை காய்ச்சினது அம்மா. கோதுமை மாவைக் கரைத்துக் கஞ்சிப் பதத்துக்குக் காய்ச்சவேண்டும். கொஞ்சம் துருசு போட்டால் மாடு வாய் வைக்காது. பெரிய கட்சிக்காரர் எல்லோரும் போடுவார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். "நாளைக்குப் பிள்ளையளுக்குக் கஞ்சி வைக்கிற பானை, அதுக்க நஞ்சு போடேலாது." அதனால் விடிய எழும்பிப் பார்த்தால் மற்றவர்களின் தாள் எல்லாம் மதிலில் இருக்கும். மாமாவைக் கட்டாக்காலி மாடுகள் கழுத்துவரை தின்று முடித்திருக்கும். "மாடுகள் எல்லாம் எங்கட பக்கம்" என்று அதற்கும் சிரிப்பார். திரும்ப ஒட்டுவோம்.

அப்பா மாமாவுக்கு மற்றவர்களைவிட ஒரு சாண் மதில்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. அம்மா அந்தக் கோபத்தில் அப்பாவோடு நேரே பேசாமல், "அவருக்குச் சோறு வைச்சாச்சு எண்டு சொல்லு" என்று என்னைக் கொண்டு சொல்லுவித்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த நாட்கள்மீது அப்படி ஒரு ஆசை. வீடு முழுக்க மாப்பசை மணம், விறாந்தை முழுக்கக் காயப்போட்ட தாள்கள், எல்லாத் தாளிலும் சோதி மாமாவின் பல்லு. அவ்வளவு சந்தோசமாக எங்கள் வீடு பிறகு இருக்கவில்லை.

3

இனி என் களவுக்கு வருகிறேன்.

முதல் பலகையை ஆரணி எங்கள் வீட்டுப் புல்லில்தான் நட்டாள். இவர் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். மகளின் பெயர் போட்ட ரீசேர்ட்டை ஜாக்கெட்டுக்கு மேலால் போட்டுக்கொண்டு, பிளாசாவில் கொத்துரொட்டி வாங்க வருகிறவர்களை மறித்து நோட்டீஸ் கொடுக்கிற ஆள் இவர். முப்பது வருடம் வாயே திறக்காமல் ஃபக்டரியில் வேலை செய்த மனிசனுக்கு எங்கிருந்து இந்த வாய் வந்தது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை இவர் நடக்கப் போன நேரம் பார்த்து நான் இரவு போட்டுப் படுத்த சோட்டியோடு வெளியே போனேன். பலகையைப் பிடுங்கினேன். கராஜுக்குள் பனி தள்ளுகிற மெசினுக்குப் பின்னால் வைத்து, பழைய திரைச்சீலையால் மூடினேன். மூடினபிறகுதான் மூச்சு வந்தது.

வேறு என்ன செய்வது? ஐப்பசி மாதம் இங்கே ஹலோவீனும் வருகிறது. பக்கத்து வீட்டு மிஸஸ் வொங் தன் பேரப்பிள்ளைகளுக்காக முன்புல் நிறையப் பிளாஸ்டிக் கல்லறைகள் நட்டு வைத்திருக்கிறார். ஒரு எலும்புக் கை மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. அதற்குப் பக்கத்தில் என் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறாள். குசினி யன்னலால் பார்த்தால் அதுதான் தெரிகிறது. எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்?

பலகை போன விசயம் இவருக்குத் தெரிந்தபோது வீடே அதிர்ந்தது. "எங்கட வெற்றியப் பொறுக்கேலாத ஆக்கள்" என்று ஒரு கூட்டுச் சதியையே கண்டுபிடித்தார். ஆரணி இன்னொரு பலகை கொண்டுவந்தாள். அதுவும் போனது. மூன்றாவதும் போனது. கராஜுக்குள் திரைச்சீலைக்குக் கீழே என் பிள்ளைகள் மூன்று பேர்.

"இட்ஸ் தெஃப்ட் அம்மா," என்றாள் ஆரணி. "நான் சிற்றிக்கு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கிறன். ஃபைல் நம்பர் தந்திருக்கினம். ஒரு ஆபீசர் வந்து பார்ப்பாராம்."

"உதுக்கெல்லாம் ஏன் ஆபீசர்?" என்றேன். "ஆரும் சின்னப் பிள்ளையள் செய்திருப்பினம். விட்டுத் தள்ளு. வீட்டுக்கு முன்னால ஒண்டும் வேண்டாம்."

"அப்படி விடேலாது. பேரன்ட்ஸ் வீட்டிலயே சைன் இல்லை எண்டா ஆக்கள் என்ன நினைப்பினம்?"

நினைப்பவர்கள் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது ஒரு அன்ரி கேட்டார், "என்ன, மகளோட ஏதும் பிரச்சினையே? பலகை ஒண்டையும் காணேல்லை." நான் கத்தரிக்காயில் பூச்சி இருக்கிறதா என்று மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

இந்த நாட்டில் கொம்பிளெயின்ட் கொடுத்தால் அதற்குப் பதில் வருகிறது. முதலில் ஒரு மின்னஞ்சல், பிறகு இன்னொரு மின்னஞ்சல், பிறகு அந்த மின்னஞ்சல்கள் கிடைத்தனவா என்று ஒரு தொலைபேசி அழைப்பு. நான்தான் எடுத்தேன். ஒரு மரியாதையான குரல், திருட்டைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டது. நான் வந்து இறங்கின புதிதில் பாவித்த வசனத்தை எடுத்துவிட்டேன். "நோ இங்கிலிஸ்." முப்பத்தைந்து வருடத்தில் அது எனக்குக் கைகொடுத்த நாள் அதுதான்.

4

அந்தத் தேர்தலில் மாமாவுக்கு முதலில் வந்தது ஒரு துண்டுக் கடதாசி. கையால் எழுதி, எங்கள் மதிலில் அவருடைய படத்துக்கு மேலேயே ஒட்டியிருந்தார்கள். விலகிவிடு என்று எழுதியிருந்தது. கீழே பெயர் ஒன்றும் இல்லை. அப்பா உரிக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். கரிக்கோடு போட்ட மனிசன் தன் மதிலைத் தொடப் பயந்து நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அம்மா மாமாவின் காலைப் பிடிக்காத குறை. "ராசா, விலகடா. கேத்திலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அக்கா, என்னட்டப் படிச்ச பெடியள்தானே எல்லாரும். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யாங்கள். இஞ்ச அப்படி நடக்காது."

தேர்தலுக்கு முன் ஒரு பின்னேரம், கூட்டம் முடித்துச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது சுட்டுவிட்டார்கள். யார் என்று கேட்டால் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்வோம்.

கண்ணீர் அஞ்சலி அடிக்கவேண்டும். மாமாவிடம் வேறு நல்ல படம் இல்லை. இருந்தாலும் புதிய புளொக் கொழும்பிலிருந்து வர நேரம் இல்லை. அச்சகக்காரர் எலெக்சன் தாளுக்குச் செய்த அதே புளொக்கைப் போட்டார். அதே ரை, அதே பல்லு. சுற்றிவர இருந்த எழுத்தை மட்டும் மாற்றினார்கள். அதைக் கொண்டுவந்து எங்கள் மதிலில், அப்பா அவருக்கென்று பிரித்துக் கொடுத்த துண்டிலேயே ஒட்டினார்கள். ஒரு படம் வாக்குப் போடச் சொல்லிச் சிரித்தது. பக்கத்தில் அதே படம் தான் செத்துப்போனதைச் சொல்லிச் சிரித்தது. மாடுகள் வந்தன. அவற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அம்மா அதற்குப் பிறகு படலையால் வெளியே போகவில்லை. பின்வளவு வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டுப் பிரித்து, அதற்குள்ளால் குனிந்து கோயிலுக்குப் போய்வந்தார். மழை வந்து தாள் எல்லாம் கழுவுப்பட்ட பிறகும் அந்தப் பொட்டுத்தான் அவருக்கு வாசல்.

பிறகு எங்கள் ஊர் லைற்போஸ்ற்களில் எத்தனையோ முகங்கள் வந்தன. நான் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பக்கத்து ஒழுங்கைப் பெடியள். வாக்குக் கேட்டு வந்த முகங்கள் குறைந்து, கண்ணீர் அஞ்சலி முகங்கள் கூடின. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். என் பிள்ளை போய் அடுப்புக்குள்ளேயே குந்திக்கொண்டு, இது பிராண்டிங் என்கிறாள்.

5

என்னைக் காட்டிக்கொடுத்தது மிஸஸ் வொங் வீட்டு அழைப்புமணி.

இப்போது எல்லா வீட்டுக் கதவு மணியிலும் கமரா இருக்கிறது. எனக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கண் எங்கள் புல்வரைக்கும் பார்க்கும் என்று தெரியாது. சனிக்கிழமை இவரும் நானும் ரீ குடித்துக்கொண்டிருக்க, ஆரணி உள்ளே வந்தாள். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. போனை மேசையில், என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, இது ஆர் எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

ஒரு மனிசி சோட்டியோடு, தலையில் தொப்பியோடு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பலகையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள். அந்த ஓட்டத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"உது ஆரெண்டு வடிவாத் தெரியேல்லை," என்றேன்.

இவர் கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் பார்த்தார். "அந்தச் சோட்டி நான் வாங்கித் தந்ததல்லோ?"

கையும் களவுமாகப் பிடிபட்டபிறகு என்ன கதை.

"ஏன் அம்மா?" என்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "நான் தட்டுற கதவெல்லாம் கேட்கினம், உம்மட அம்மா அப்பா வீட்டிலயே சைன் இல்லையாமே எண்டு. நான் ஆரோ களவெடுக்கினம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். அந்த ஆபீசருக்கு இப்ப என்ன சொல்லுறது? கள்ளன் என்ர அம்மா எண்டா?"

"படம் போடாத ஒண்டு அடிச்சா வைப்பன்."

"படத்தில என்ன பிழை?"

இவர் என்னைப் பார்த்தார். இவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சோதி மாமாவின் கதை பிள்ளைக்கு முன் பேசுவதில்லை. மாமா என்று ஒருவர் இருந்தார், பிரச்சினை நேரம் செத்துப்போனார் என்பதோடு அவளுக்குத் தெரிந்தது முடிந்துவிடும். நான் சொன்னேன். கேத்தில், ரை, பசை, மாடு எல்லாவற்றையும் சொன்னேன். புளொக்கைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் உடையவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"முகத்தைச் சுவரில போட்ட ஆள் திரும்பி வீட்டை வந்ததை நான் காணேல்லை, ஆரணி. எனக்கு உன்ர படத்தைப் பாக்கப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அவள் மேசையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அம்மா, இஞ்ச அப்படி நடக்காது," என்றாள்.

"மாமாவும் அதைத்தான் சொன்னவர்."

"ஓகே," என்றாள். கண் கலங்கிவிட்டது. "ஆனா ஒண்டு சொல்லுங்கோ. சின்னனில பேச்சுப்போட்டிக்கு மேடைக்குப் பின்னால நிண்டு அழ, முன்னுக்குப் போ முன்னுக்குப் போ எண்டு என்னைத் தள்ளிவிட்டது ஆர்? ஸ்கூல்ல கையை உயர்த்து, பயப்பிடாதை எண்டு சொன்னது ஆர்? நான் முன்னுக்கு வந்திட்டன். இப்ப நீங்களே பின்னுக்கு இழுக்கிறியள். எனக்கு சைன் வேண்டாம் அம்மா. நீங்க என்னோட நிக்கிறியளா இல்லையா?"

இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை என்று நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறோம். கேட்க வேண்டியதை நன்றாகத்தான் கேட்கிறார்கள்.

நான் எழும்பிப் போய்க் கராஜைத் திறந்து, திரைச்சீலையை இழுத்து, ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மண் குளிரில் இறுகிக் கிடந்தது. கம்பி இறங்கவில்லை. இவர் சுத்தியல் எடுக்கப் போனார். நான் காலால் மிதித்து இறக்கினேன். மிஸஸ் வொங்கின் கமரா பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கட்டும்.

"ஒவ்வொரு நாளும் கதவு தட்டி முடிஞ்சு வீட்டை போனவுடனை எனக்கு போன் எடுக்கவேணும்," என்றேன்.

"அம்மா, ஐ அம் தேர்ட்டி த்ரீ."

"எடுப்பியோ, மாட்டியோ?"

எடுத்தாள். வாக்குப் போடும் நாள்வரை ஒவ்வொரு பின்னேரமும் எடுத்தாள். "ஹோம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட இருந்தேன். ஆபீசருக்கு அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

6

நானும் இவரும் வாக்குப் போடப் போனோம். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டமே இல்லை. அன்றைக்கு ஊரில் வாக்குப் போடப் போகாதே என்று எழுதி ஒட்டினார்கள், சனம் பயத்தில் வீட்டுக்குள் இருந்தது. இங்கே வா வா என்று வீட்டுக்குக் கடிதம் போட்டுக் கூப்பிடுகிறார்கள், சனம் நாடகம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலில் வழியில் கண்ட இரண்டு அன்ரிமாரைப் பிடித்து ஏசிவிட்டேன். மகளுக்காகத்தான் ஏசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பாதி மாமாவுக்கும் சேர்த்துத்தான்.

ஆரணி தோற்றுவிட்டாள். பலகாலமாக அந்தக் கதிரையில் இருக்கிற மனிசனே திரும்பவும் வந்தார். முடிவு கேட்க மகளோடு மண்டபத்துக்குப் போயிருந்த இவர் முகம் தொங்க வந்து, ரீசேர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் பூசை அறைக்குப் போனேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அழுகை வரவில்லை. தேர்தல் முடிந்தது, பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதிதான் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு வான் வந்து நின்றது. தேர்தல் முடிந்தால் பலகைகளை வேட்பாளரே பொறுக்கவேண்டும், விட்டால் தண்டம். காலையிலிருந்து தெருத்தெருவாகப் பொறுக்கியிருக்கிறாள். வானுக்குள் அடுக்கடுக்காக அவளுடைய முகங்கள், புல்லும் மண்ணும் ஒட்டிக் கிடந்தன. எங்கள் வீட்டுப் பலகையை இவர் பிடுங்கிக் கொடுத்தார்.

அவள் உள்ளே வந்து, கையைக் கழுவிவிட்டு, "அம்மா, பசிக்குது," என்று மேசையில் இருந்தாள்.

புட்டும் மீன்குழம்பும் சொதியும் வைத்தேன். கையால் குழைத்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சின்ன வயதிலேயே முள்ளுக்கரண்டிக்குப் போன பிள்ளை. தலை இழுக்காமல், கண் வீங்கி, மூக்கு குளிரில் சிவந்து, வாயோரத்தில் குழம்பு பட்டிருந்தது. பலகையில் இருந்த வடிவில் ஒரு துளியும் இல்லை.

"எங்கட ஆக்களே போடப் போகேல்லை அம்மா," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, "சொதி இன்னும் கொஞ்சம் விடுங்கோ," என்றாள்.

எனக்கு அப்போதுதான் உடைந்தது. அம்மாவும் இப்படி ஒரு நாள் மாமாவுக்குச் சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். எலெக்சன் கேட்ட ஒரு முகம் தோற்று வீட்டுக்கு வந்து, என் மேசையில் இருந்து இன்னும் கொஞ்சம் சொதி கேட்டதை நான் என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கண்டேன். திரும்பி நின்று அடுப்பைத் துடைக்கிற மாதிரிக் கண்ணைத் துடைத்தேன்.

"நாலு வருசத்தால திரும்பக் கேட்பன்," என்றாள் பின்னால் இருந்து. "படமும் போடுவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"கேள்," என்றேன். "முதல் சாப்பிட்டு முடி."